அச்சிட்ட சாகசம் அவமானமில்லை

"புத்தகத்துல இருக்கிறதைத்தானே நடத்துறீங்க டாக்டர், சொந்தமா ஒண்ணும் கிடையாதா?" நேற்று ஒருத்தர் கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு ஏளனம். அதனால் இந்த இழை. நீளம்தான், டீ எடுத்துட்டு வாங்க.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். ரோல்-பிளேயிங் கேம் என்பது நாலைந்து பேர் சேர்ந்து பேசிப் பேசியே ஒரு கதைக்குள் போகிற ஆட்டம். ஒருவர் கேம் மாஸ்டர், அந்த உலகத்தில் நடப்பதைச் சொல்பவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ஜெயிக்குமா தோற்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு வழி போட்டது.

வழக்கமாக ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்கள். நான் ஆடுவது பதிவு வழி. மாஸ்டர் இணையத்தில் ஒரு பத்தி எழுதிப் போடுவார். டூட்டி முடிந்து வந்து என் பாத்திரம் என்ன செய்கிறது என்று நான் எழுதுவேன். இன்னொருவர் அவர் ஊரில் விடிந்த பிறகு எழுதுவார். நைட் டூட்டி பார்க்கிறவனுக்கு வேற வழி கிடையாதுங்க.

கதை இரண்டு விதமாக வரும். மாஸ்டர் தானே உருவாக்கலாம். அல்லது வரைபடம், எதிரிகள், ரகசியங்கள் எல்லாம் எழுதி அச்சிட்டு விற்கிற சாகசப் புத்தகத்தை வாங்கி நடத்தலாம். இரண்டாவது ஆளைச் சோம்பேறி என்கிறார்கள். என் வாதம்: பதிவு வழி ஆட்டத்தில் அந்தச் சோம்பேறிதான் பொறுப்பானவர்.

ஏன் என்று என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

ஒரு ஆட்டம் பதினோரு மாதம் ஓடியது. மாஸ்டர் அபாரமான ஆள். எல்லாம் சொந்தக் கற்பனை. ஒரு நகரம், அதில் ஊர்த் தலைவர் கொலை, கொன்றது யார் என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். திடீரென்று மாஸ்டரிடமிருந்து பதிவு இல்லை. அவர் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பிறகு தெரிந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் தலைவரைக் கொன்றது யார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அது அவர் மண்டைக்குள் மட்டும் இருந்தது.

இன்னொரு ஆட்டம், 2014-இல் வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்'. அறுபத்து நாலு பக்கம். பாதியில் மாஸ்டருக்குக் குழந்தை பிறந்தது, அவரால் முடியவில்லை. எங்களில் ஒருத்தர் அதே புத்தகத்தை வாங்கினார், பழைய பதிவுகளை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முடித்தோம்.

மருத்துவமனையில் இதற்குப் பேர் ஹேண்ட்-ஓவர். நாளைக்கு நீ வரமாட்டாய் என்று நினைத்து கேஸ் ஷீட் எழுது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பதிவு வழி ஆட்டத்தில் நடந்தது எல்லாம் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது, யார் எந்தக் கதவைத் திறந்தார்கள் என்பது உட்பட. இல்லாதது ஒன்றே ஒன்று, இனிமேல் கதவுக்குப் பின்னால் என்ன என்பது. அதைத்தான் புத்தகம் தருகிறது. மேசை ஆட்டம் ஒரு சாயங்காலத்தில் ஒரு கட்டம் முடிந்துவிடும். நம்முடையது மாதக்கணக்கில் போவது. அத்தனை மாதத்தில் யாருக்கோ ஏதோ ஒன்று நடக்கத்தான் செய்யும்.

"அப்போ கற்பனைக்கு வேலை இல்லையா?" என்பீர்கள். கைகாக்ஸே எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கோட்டைக்குள் இருக்கிறவர்களுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார். அதிகாரி, பாதிரியார், கொல்லன், அவ்வளவுதான். பெயரும் குணமும் நீங்கள் கொடுக்க வேண்டும் என்றுதான் விட்டிருக்கிறார். ராகம் யாரோ தந்தது என்பதற்காகப் பாடகரைச் சோம்பேறி என்கிறோமா? பதிவு வழியில் மாஸ்டரின் உண்மையான உழைப்பு தினமும் பதில் எழுதுவது. ஆட்டம் சாவது மோசமான கதையால் அல்ல, மௌனத்தால். ராத்திரி முழுக்க வரைபடம் போட்டுவிட்டு, காலையில் பதில் எழுதத் தெம்பில்லாமல் போன எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

நிற்க. என் கட்சிக்காரர்களுக்கும் கொஞ்சம் திட்டு பாக்கி இருக்கிறது.

புத்தகத்தை அச்சில் உள்ளபடியே நடத்துகிறீர்களே, அது கொடுமை. ஃபேன்டெல்வர் தொடக்கத்தில் சாலையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும். மறைந்திருக்கும் நாலு கோப்ளின்கள் பாய்வார்கள். மேசையில் அரை மணி நேரச் சண்டை. நமக்கு? ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பதிவு, நாலு சுற்று, நடுவில் ஒருத்தர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விடுவார். ஒரு வாரம் போச்சு. அடுத்து குகை, அதில் அறைக்கு அறை சண்டை. எத்தனை வாரம் என்று நீங்களே கணக்குப் போடுங்க. பாதியை வெட்டுங்கள். எந்தச் சண்டை தோற்றாலும் ஜெயித்தாலும் கதை மாறாதோ, அது தேவையில்லாத மாத்திரை.

கதவு விஷயமும் அப்படித்தான். "பூட்டியிருக்கா?" ஒரு நாள். "காதை வைத்துக் கேட்கிறேன்." இன்னொரு நாள். கேஷுவாலிட்டியில் ஒரே ஊசியில் எல்லா டெஸ்டுக்கும் ரத்தம் எடுத்துவிடுவோம், நாலு தடவை குத்த மாட்டோம். கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே இரண்டு குரல், சாவித் துவாரத்தில் வெளிச்சம் என்று ஒரே பதிவில் சொல்லிவிடுங்கள். புத்தகத்தில் கட்டம் போட்ட வர்ணனை வாயால் வாசிப்பதற்காக எழுதியது. அதை அப்படியே ஒட்டினால் ஐந்து பேரும் படித்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா இருப்பார்கள்.

அளவும் முக்கியம். 1983-இல் ட்ரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதிய 'ரேவன்லாஃப்ட்' 32 பக்கம். 2016-இல் அதையே விரித்து வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' சுமார் 250 பக்கம். முன்பின் தெரியாத ஐந்து பேரைக் கூட்டி 250 பக்கத்தை ஆரம்பிக்கிறவர், முடிக்க முடியாத வாக்குறுதியைக் கொடுக்கிறார். முடிக்கலைன்னு அப்புறம் அழுறார். (நானும் ஒரு தடவை கொடுத்திருக்கிறேன். மன்னிச்சிடுங்க, உங்களுக்குத் தெரியும் யாருன்னு.)

"ஆடுகிறவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டால்?" இந்தப் பயத்துக்கும் ரேவன்லாஃப்ட்டிலேயே மருந்து உண்டு. முக்கியமான பொருள்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதைச் சீட்டுக் குறி பார்த்து முடிவு செய்வார்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறும். உங்கள் புத்தகத்திலும் இரண்டு மூன்று விஷயத்தை இடம் மாற்றிவிடுங்கள், போதும்.

பதிவு வழிக்கு என்றே செய்தது போன்ற புத்தகமும் உண்டு. 'கால் ஆஃப் துலு' விளையாட்டின் 'தி ஹான்டிங்' என்ற சிறிய சாகசம். பாஸ்டனில் ஒரு பேய் வீடு. உள்ளே போகும் முன் பழைய பத்திரிகை, பதிவேடு, நூலகம் என்று தேட வேண்டும். மேசையில் ஒருவர் நூலகத்தில் இருக்கும்போது மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். நம்மிடம் நாலு பேரும் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் தேடலாம், அவரவர் நேரத்தில் எழுதலாம்.

அதைத்தான் அடுத்த மாதம் ஆரம்பிக்கிறேன். நாலு இடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பதிவு எழுத முடிகிறவர்கள் கீழே சொல்லுங்கள். ஏற்கெனவே படித்தவர்களும் மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு டூட்டி மாறினால் ஆட்டத்தை எடுத்து நடத்த ஒரு ஆள் வேணும்.