ரத்தத்தில் ஒரு பாடபேதம்

‘லுக்கிமியா’ என்னும் பெயரை 1847-ஆம் வருஷம் விர்க்கோ என்ற ஜெர்மானிய வைத்தியர் சூட்டினார். கிரேக்க பாஷையில் ‘வெள்ளை ரத்தம்’ என்று பொருள். பெயர் கிடைத்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை. பின்னும் நூறு வருஷ காலம், குழந்தைக்கு இந்த வியாதி என்று டாக்டர் சொன்னால் சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும் என்பதே அர்த்தமாக இருந்தது.

1948 ஜூன் மாதத்தில் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் கண்டது. தற்காலிகக் குணந்தான், ஆயினும் அதற்கு முன் அதுவும் இல்லை. அந்த மருந்தை உண்டாக்கிய லெடர்லி ஆராய்ச்சிசாலைக்குத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியடிகளின் சொற்படி கதர் உடுத்தியதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, உயர்ந்த பட்டம் கிட்டாமல், 1923-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். கட்டுரை வெளிவந்து சுமார் இரண்டு மாதத்தில் காலமாகிவிட்டார். நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அன்று முளைவிட்டது இன்று மரமாகியிருக்கிறது. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் லுக்கிமியா வகையில், செல்வ தேசங்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இந்த மருந்துகள் பெரும்பாலும் விஷங்களே. சில மருந்துகள் பல வருஷம் கழித்து இருதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடும். மூளைக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பின்னால் கவனம் நிலைப்பதில்லை, பாடத்தில் தடுமாறுகிறார்கள். உபாத்தியாயர் தொழிலில் இருக்கும் நமக்கு இது மனத்தை உறுத்தும் விஷயம். ஆகையால் ஒவ்வொரு குழந்தையையும் பார்த்து, ‘இதற்கு எவ்வளவு விஷம் போதும்?’ என்று வைத்தியர் நிதானிக்க வேண்டியிருக்கிறது. குறைந்தால் வியாதி திரும்பும். மிஞ்சினால் குழந்தைக்குக் கேடு.

இதை மைக்ராஸ்கோப் ஒன்றைக் கொண்டு நிச்சயிக்க முடியாது. அதில் ஒரே மாதிரி தோன்றும் வியாதி உண்மையில் இருபதுக்கு மேற்பட்ட வியாதிகளின் கூட்டம். வேறுபாடு அணுவுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. தாய் வழி ஒரு பிரதி, தந்தை வழி ஒரு பிரதி. ஒவ்வொன்றிலும் 23 சுவடிகள், சுமார் 300 கோடி எழுத்துக்கள். எழுத்து வகையோ நான்கே நான்கு. இந்தச் சுவடிகளைத்தான் குரோமோசோம் என்கிறார்கள். எல்லாம் சேர்ந்தது ஜீனோம். இதை முதன் முறை வாசிக்க, பல தேசத்து விஞ்ஞானிகளுக்கு 1990 முதல் 2003 வரை பிடித்தது. இப்போது சில நாட்களில் ஆகிறது.

எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.யைச் சிறு துண்டுகளாக்கி, துண்டுக்குச் சுமார் 150 எழுத்தாக வாசித்து, ஒரே இடத்தைப் பல தடவை சரிபார்த்து, கணிப்பொறி அவற்றை வரிசைப்படுத்துகிறது. அதோடு அந்தக் குழந்தையின் நல்ல திசு ஒன்றையும், உதாரணமாகத் தோலில் சிறிதளவு, வாசிக்க வேண்டும். ஐயரவர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தது போலத்தான். நல்ல பிரதியில் இல்லாமல் வியாதிப் பிரதியில் மட்டும் இருக்கும் பிழையே வியாதியின் அடையாளம்.

பிழைகள் பல விதம். 12-ஆம் சுவடியின் ஓலை 21-ஆம் சுவடியில் மாறிக் கோக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் மிதமான சிகிச்சையே போதும். 9-ம் 22-ம் மாறியிருந்தால் பொல்லாத வகை. முன்பு பாதிக் குழந்தைகள்கூடத் தேறவில்லை. இமாட்டினிப் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்ததில், மூன்று வருஷம் வியாதி திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 35-லிருந்து 80 ஆனார்கள் என்று 2009-இல் அமெரிக்க வைத்தியர்கள் அறிவித்தார்கள். இவ்விரண்டையும் பழைய பரிசோதனைகளே காட்டிவிடும். ஆனால் 9-22 மாற்றம் இல்லாமலே அதைப் போல நடிக்கும் ஒரு வகை உண்டு. டி.யு.எக்ஸ்.4 என்ற இன்னொரு வகையோ குரோமோசோம் பரிசோதனைக்கு அகப்படுவதே இல்லை. மருந்துக்கு மெதுவாக இணங்குவதால் பயமுறுத்தும். முடிவில் நன்றாகவே குணமாகும். இதை அறியாவிட்டால் குழந்தைக்கு அநாவசியமாக விஷம் ஏறக்கூடும். முழு வாசிப்பின் உண்மையான லாபம் இங்கேதான் என்பது நம் அபிப்பிராயம்.

லாபத்தை மிகைப்படுத்தவும் கூடாது. இங்கிலாந்தில் அரசாங்க வைத்திய சேவையே இந்த வாசிப்பைக் குழந்தைகளுக்கு அளிக்கிறது. அங்கே இரண்டு ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய் கண்ட 281 குழந்தைகளின் விவரம் 2024-இல் வெளியாயிற்று. சிகிச்சை மாறியது நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கே. அந்த ஏழில் ஒன்று நம் குழந்தையானால் அது சிறு எண்ணாகத் தோன்றாது என்பது வேறு விஷயம். நம் தேசத்திலோ, பணமில்லாமலும் ஊர் தூரமாகையாலும் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். பஸ் செலவுக்கு வழியில்லாதவனிடம் 300 கோடி எழுத்தைப் படித்துக் காட்டி என்ன பயன்? முதலில் சிகிச்சை முழுவதும் நடக்க வேண்டும்.

இன்னொன்று தாய்மார்களுக்கு. குழந்தைக்கு ரத்தத்தில் வியாதி என்றதும், ‘எந்த வம்சத்துத் தோஷமோ’ என்று வீட்டுப் பெரியவர்கள் பேச, பெற்றவள் தலை குனிந்து நிற்கிறாள். இந்தப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை தாய் தந்தையரிடமிருந்து வந்தவை அல்ல. அணு தன்னைப் பிரதி எடுக்கையில் தற்செயலாக நேர்ந்தவை. பிறந்தவுடன் குதிகாலில் குத்திக் காகிதத்தில் ஒற்றிவைத்த ரத்தத்தை 1990-களின் கடைசியில் மெல் கிரீவ்ஸ் கூட்டத்தார் ஆராய்ந்தார்கள்; சில குழந்தைகளுக்குப் பிழை கர்ப்பத்திலேயே தோன்றியிருந்தது தெரிந்தது. கர்ப்பத்தில் தோன்றியது வேறு, பரம்பரையாக வந்தது வேறு. பரம்பரையாக வருவதும் சிறு அளவில் உண்டுதான். நல்ல திசுவையும் வாசிப்பதால் அதுவும் வெளிப்படும். மஜ்ஜை தானம் செய்ய முன்வரும் அண்ணனுக்கோ தங்கைக்கோ அதே பிழை உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

வாசிப்புக்கு இப்போது வசதி இல்லாதவர்களும், மருந்து தொடங்குமுன் எடுக்கும் மஜ்ஜையில் சிறிது பத்திரப்படுத்த முடியுமா என்று டாக்டரைக் கேட்பது நல்லது. மருந்து ஏறிய பிறகு வியாதி அணுக்கள் மறைந்துவிடும். பின்னால் வாசிக்க நினைத்தால் ஏடு கையில் இராது.