தேனிலவுக்கு எந்த அறை?

கல்யாண ஆல்பம் கைக்கு வருவதற்கு முன்பே அந்தமான் டிக்கெட் வந்துவிடுகிறது இப்போதெல்லாம். ஊட்டி, கொடைக்கானல் காலம் போய், 'சென்னையில ஏறினா ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல தீவு' என்று புதுமணத் தம்பதிகள் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், எங்கே தங்குவது என்பதை மட்டும் ஏனோ போட்டோவைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நீலக் கடல், வெள்ளை மெத்தை, மெத்தைமேல் டவலில் செய்த இரண்டு அன்னப்பறவைகள்... அவ்வளவுதான், அட்வான்ஸ் கட்டியாச்சு!

அந்த மெத்தையில் போய் விழப்போகிற இரண்டு பேரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு, விருந்து என்று பத்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை. வேளைக்குச் சாப்பாடு இல்லை. பெண்ணுக்குப் புது வீடு, புது மனிதர்கள். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்றால் கணவனே புதுசு! இவர்களுக்கு முதலில் தேவை ஓய்வு. ஓரிடத்தில் உட்கார்ந்து பேசிப் பழக அவகாசம். கடலழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நடப்பதோ வேறு. 'ஐந்து இரவு, மூன்று தீவு' என்று ஒரு பேக்கேஜ். முதல் நாள் போர்ட் பிளேர் (2024 முதல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்). மறுநாள் ஹாவ்லாக், அதாவது 2018-ல் சுவராஜ் த்வீப் என்று பெயர் மாறிய தீவு. அடுத்து, நீல் என்று நாம் சொல்லிப் பழகிய ஷஹீத் த்வீப். மறுபடி போர்ட் பிளேர். தினமும் விடிகாலையில் பெட்டி கட்டு, ஜெட்டிக்கு ஓடு, வரிசையில் நில், ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் படகில் ஆடு. கடல் கொஞ்சம் கொந்தளித்தால் வாந்தி வேறு. இது தேனிலவா, எல்.டி.சி. டூரா?

என் கட்சி இதுதான். ஐந்து இரவு போகிறீர்களா? நான்கு இரவு ஒரே தீவில், ஒரே அறையில் இருங்கள். மற்ற தீவுகள் எங்கேயும் ஓடிவிடாது. பிள்ளை குட்டியோடு இன்னொரு தடவை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹாவ்லாக்தான் என்று முடிவானால் அடுத்த கேள்வி, தீவின் எந்தப் பக்கம்? பெரும்பாலான விடுதிகள் கோவிந்த் நகர், விஜய் நகர் என்று கிழக்குக் கரையில் இருக்கின்றன. காலையில் ஜன்னலைத் திறந்தால் சூரியோதயம். ஆனால், கடல் உள்வாங்கும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் போய்விடும். மிஞ்சுவது பாறையும் பவளக் கற்களும்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது இன்னும் அதிகம். அங்கே வெறுங்காலோடு இறங்கிப் பவளத்தில் கீறிக்கொண்டால் அந்தப் புண் லேசில் ஆறாது. குளிக்க ஏற்ற மணல் கடற்கரை மேற்கே, ராதாநகரில். அங்கே விடுதிகள் குறைவு, வாடகையோ அதிகம். ஆகவே, கடல் பார்த்த அறைக்கென்று கூடுதல் பணம் கொடுப்பதைவிட, கிழக்கே தோட்டம் பார்த்த சுத்தமான அறை ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் காசில் ஆட்டோ வைத்து ராதாநகர் போய்வருவதே புத்திசாலித்தனம். எங்கே இறங்கினாலும் காவலர் சொல்வதைக் கேளுங்கள். 2010-ல் ராதாநகரை ஒட்டிய பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பயணியை உப்புநீர் முதலை கொன்றிருக்கிறது.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாத விஷயம். அந்தமானில் கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் மட்டும் அவசரக்காரன். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அப்புறம் தூங்கும்வரை நான்கைந்து மணி நேரம் அறையும் வராந்தாவும்தான் உங்கள் உலகம். ஆகவே காற்றோட்டம் உண்டா, ஜன்னலுக்கு வலை உண்டா, ராத்திரிச் சாப்பாடு விடுதியிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். மூங்கில் குடிசை போட்டோவில் அழகுதான். மணல் ஈ கடித்துத் தடித்த காலோடு ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தால் காதலாவது, கத்தரிக்காயாவது! மலேரியாவும் இருக்கிற பகுதி. கொசுவலை உள்ள அறையே மேல்.

இப்போது பாத்ரூம். சிரிக்காதீர்கள், நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். 'ரொமான்டிக்' என்ற பெயரில் சில விடுதிகளில் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் வைக்கிறார்கள். கல்யாணமாகி ஒரு வாரமான பெண், கணவன் கட்டிலில் உட்கார்ந்திருக்க, அங்கே எப்படிப் போவாள்? அடக்கிக்கொள்வாள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வாள். புது தாம்பத்தியமும் சேர்ந்துகொள்ள, மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் போன்ற உணர்வு. டாக்டர்கள் இதற்கு 'ஹனிமூன் சிஸ்டைடிஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உறவுக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுவதும், தண்ணீர் நிறையக் குடிப்பதும், அடக்காமல் இருப்பதும் பெரிய பாதுகாப்பு. அதற்குக் கெட்டியான கதவும் தாழ்ப்பாளும் உள்ள பாத்ரூம் வேண்டாமா? அறை எடுக்கும்போது இதைக் கேட்க வேண்டியது மாப்பிள்ளையின் பொறுப்பு. அவள் வாய்விட்டுக் கேட்கமாட்டாள்.

எரிச்சலோடு குளிர்ஜுரம், இடுப்புக்கு மேலே முதுகுவலி வந்தால் சுயவைத்தியம் வேண்டாம். ஹாவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான். இருட்டிவிட்டால் அங்கே போகப் பயணிகள் படகு கிடையாது என்பதை மனதில் வையுங்கள். ஜெட்டிக்கும் சுகாதார நிலையத்துக்கும் கிட்டத்தில் தங்குவது, தூரத்துத் தனிமையைவிட நிம்மதி. ஆஸ்துமா போன்ற தொந்தரவு உள்ளவர்கள் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

மிச்சமிருக்கும் அந்த ஐந்தாவது இரவு? போர்ட் பிளேரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாதாரண அறை போதும். கடல் மோசமானால் படகு நிற்கும். அன்றைக்கே விமானம் என்றால் தவிப்புதான். தவிர, ஸ்கூபா டைவிங் செய்தவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஆபத்தாகிவிடும். குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். அதனால் டைவிங்கை இரண்டாம் நாளோ, மூன்றாம் நாளோ முடித்துவிட்டு, நான்காம் நாள் அந்த வராந்தாவில் சும்மா உட்காருங்கள்.