மடவை மீனும் மருத்துவத் தமிழும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில், கூனங்குப்பத்திலும் கோரைக்குப்பத்திலும் மடவை மீனை அறுக்கும் பெண்டிர், குடலையும் காற்றுப்பையையும் நீக்கியபின், முதுகெலும்பின் அடியில் ஒட்டிக் கிடக்கும் கருஞ்சிவப்புப் பட்டையைச் சுரண்டி எறிவர். உறைந்த குருதிபோல் தோன்றும் அதுவே மீனின் குண்டிக்காய், நூல்வழக்கில் சிறுநீரகம்.

அப்பெண்டிருள் ஒருத்தி சூலுற்று, 'இசுகேன்' எனப்படும் ஒலியலைப் படம் எடுக்கச் சென்றால், அவள் கையில் திணிக்கப்படும் தாள் முற்றும் ஆங்கிலம்! வாய்மொழியாகக் கிடைப்பதோ "தண்ணி கம்மி" என்னும் இரண்டே சொல். (அதிலும் 'கம்மி' தமிழன்று.) எந்த நீர்? ஏன் குறைந்தது? சொல்வாரில்லை. வினவினால், "இவை தமிழில் சொல்ல வாரா" என்பர் ஆங்கிலம் கற்ற அறிவாளர்.

வாராவா? கருவில் சிறுநீரகம் மும்முறை முளைக்கின்றது. கருவுற்ற நான்காம் கிழமையில் கழுத்துப் பகுதியில் தோன்றும் முன்சிறுநீரகம் பணியாற்றாமலே மறைகின்றது. அடுத்து வரும் இடைச்சிறுநீரகம் சிறிது காலம் நீர் பிரித்து, இரண்டாம் திங்களின் முடிவில் தேய்கின்றது. அதன் குழாய் ஆண்மகவிடத்து வித்துக்குழாயாய் எஞ்சும். மடவை வாழ்நாளெல்லாம் சுமப்பது இவ்விடைச்சிறுநீரக வகையையே. ஆரணியாற்று நன்னீர் பெருகும் மழைக்காலத்தில் மிகுநீரை வெளியேற்றியும், உவர் ஏறும் கோடையில் நீரைக் காத்தும், செவுளோடு சேர்ந்து அம்மீனை ஏரியில் வாழவைப்பது அதுவே.

ஐந்தாம் கிழமையில் இடைச்சிறுநீரகக் குழாயினின்று ஓர் அரும்பு கிளைத்து, அருகிலுள்ள உயிரணுத் திரளுள் புகுகின்றது. அரும்பு திரளைத் தூண்ட, திரள் அரும்பைக் கிளைக்கச் செய்ய, நிலைத்த பின்சிறுநீரகம் உருவாகின்றது. இடுப்புக்குழியில் தோன்றிய அது, ஒன்பதாம் கிழமைக்குள் மேல்வயிற்றுக்கு ஏறுகின்றது. ஏறாது தங்குவதும், இரண்டும் ஒட்டிப் பிறைவடிவாவதும் உண்டு.

பத்தாம் கிழமையளவில் சேய் சிறுநீர் பிரிக்கத் தொடங்குகின்றது. சூலின் பிற்பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி அச்சிறுநீரே! ஆகவே, நீர் குறைந்ததெனின், குடம் கசிந்ததா, நச்சுக்கொடி தளர்ந்ததா, சேயின் சிறுநீரகமே உருவாகவில்லையா, நீர்வழி அடைபட்டதா என ஆராய்தல் வேண்டும். இதனை அறிந்த தாய் அடுத்த ஆய்வுக்கு நாள் கடத்துவாளா?

இதில் எக்கருத்துத் தமிழுக்குள் அடங்காது நின்றது? அமெரிக்கராகிய மருத்துவர் சாமுவேல் கிரீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அவர் வெளியிட்ட உடற்கூற்று நூலின் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. பெயர் பெரும்பாலும் வடசொல்லே, ஆயினும் அயலான் முயன்றான். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளோ இன்றும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றன.

கல்லூரி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படத்தாளின் ஒவ்வோர் ஆங்கில வரிக்கும் கீழே ஒரு தமிழ் வரி அச்சிடுக. அதைப் படித்துக்காட்டியபின் தாயிடம் கொடுக்க.