கொல்லும் கிருமியே காவலும் செய்யும்

மாட்டு வியாதி என்றதும் கோமாரியும் அடைப்பானுந்தான் நம் நினைவுக்கு வரும். அவற்றைப் போல் ஆர்ப்பாட்டம் செய்யாமல், புகுந்த உடலிலேயே நிரந்தரமாகக் குடியேறிவிடும் வியாதி வேறொன்று உண்டு. 1950-ஆம் ஆண்டுக்குப் பின் சில வருஷங்களில், அமெரிக்காவின் கொலராடோ, கலிபோர்னியாப் பண்ணைகளில் இது முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தது. ஜுரம், இருமல், மூக்கிலே சளி. மூக்கு நுனியோ நெருப்பாகச் சிவந்திருக்கும். 'செம்மூக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதற்குக் காரணம் ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ். மனிதரை இது அண்டுவதில்லை.

இதன் தந்திரத்தை அறிவதற்கு, உயிரணு எவ்வாறு சாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அடிபட்டு வெடித்துச் சாவது ஒரு வகை. தானே சுருங்கி, துண்டு துண்டாகப் பிரிந்து, அக்கம்பக்கத்து அணுக்களுக்கு இரையாகி ஓசையின்றி மறைவது மற்றொரு வகை. 1972-ல் கெர், வைலி, கர்ரி என்ற மூன்று விஞ்ஞானிகள் இதற்கு 'அபாப்டோஸிஸ்' என்று பெயரிட்டார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. கிருமி புகுந்த அணு முன்கூட்டியே இப்படி மாண்டால், கிருமி பெருக இடமிராது. ஊரைக் காக்கத் தன் வீட்டுக்குத் தானே தீ வைப்பது போன்ற தியாகம் இது!

மூக்கிலும் மூச்சுக்குழலிலும் இறங்கும் வைரஸ், அங்குள்ள அணுக்களுக்குள் புகுந்து ஏராளமாகப் பெருகுகிறது. பெருகி முடிந்ததும் அணு மடிகிறது. குழலின் உட்படலம் உரிந்துபோகிறது. அதோடு, காவல் புரிய வேண்டிய வெள்ளணுக்களிலும் ஒரு பகுதியைத் தற்கொலைக்குத் தூண்டிவிடுகிறது. வாயிலும் திறந்து, காவலும் குறைந்த வீட்டில் பாக்டீரியாக்கள் நுழையக் கேட்பானேன்? நுரையீரல் அழற்சி கண்டு மாடு மாள்வதும் உண்டு.

இத்தனை கொலை செய்யும் கிருமி ஓரிடத்தில் மட்டும் பரம சாதுவாகிவிடுகிறது. முகத்து உணர்ச்சி நரம்பின் வழியே ஏறி, அதன் முடிச்சிலே ஒளிந்துகொள்கிறது. அங்கே தன் ஜீன்களில் பெரும்பாலானவற்றை அடக்கிவிட்டு, முக்கியமாக ஒன்றை மட்டும் இயக்குகிறது. அந்த ஜீனின் வேலை என்ன தெரியுமா? நரம்பணு தற்கொலை செய்துகொள்ளாதபடி காப்பதுதான்! அந்த ஜீனைக் கெடுத்த வைரஸைக் கன்றுகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். பின்னர் ஸ்டீராய்டு மருந்து கொடுத்து எழுப்பிப் பார்த்தும் அது விழிக்கவில்லை.

ஆகையால், குணமான மாடு கிருமி நீங்கிய மாடு அன்று. நெடும் பிரயாணமோ, கன்று ஈனும் சிரமமோ நேர்ந்தால், உறங்கிய கிருமி மீண்டும் மூக்குக்கு இறங்கி மந்தையைப் பற்றும். சினை மாடுகளுக்குச் சினை கலைந்துபோவதும் உண்டு. தடுப்பூசி நோயின் வேகத்தைத் தணிக்குமே அன்றி, குடியிருக்கும் கிருமியை விரட்டாது. டென்மார்க்கும் ஸ்விட்ஸர்லாந்தும் ரத்தப் பரிசோதனையால் இத்தகைய மாடுகளைக் கண்டுபிடித்து விலக்கியே நோயை ஒழித்தன.

இந்தியாவிலும் இவ்வைரஸ் உண்டு. பல்லையும் சுழியையும் பார்த்து மாடு பிடிக்கும் நாம், இனி ரத்தத்தையும் பார்த்தல் நலம். புதிதாக வந்த மாட்டைச் சில வாரம் தனியே கட்டுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.