கடல் தெரியும் வீடு

திருவண்ணாமலையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிராவிடெண்ட் பண்டுப் பணத்தில் தம் பெயருக்கு வாங்கிய சிறு வீட்டில் கணவரோடு வசிக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். இப்போது கணவருக்கு ஓர் ஆசை பிறந்திருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒரு தனி வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். மாடியில் நின்றால் மூன்று பக்கம் தென்னை, நாலாவது பக்கம் கடல். "இந்த வீட்டை விற்று அதை வாங்கிவிட்டால், கடைசிக் காலத்தில் அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்" என்கிறாராம். "நான் சம்மதிக்கலாமா?" என்று கேட்கிறார் சகோதரி.

அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். திருவண்ணாமலையின் அக்கினி நட்சத்திரத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் கடற்காற்றின் அருமை தெரியும். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் போனால் அந்தக் காற்று கிடைக்கிறது. ஆசைப்படாமல் எப்படி இருப்பது?

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் 'காட்சி'யின் விலையும் புதிதல்ல. அந்த ஊரில் வீடு பார்க்கிறவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் மொட்டை மாடிக்கு ஏறுகிறார்கள். 2,668 அடி உயரமுள்ள மலை முழுசாகத் தெரிந்தால் ஒரு விலை. பாதி தெரிந்தால் வேறு விலை. பக்கத்து மனைக்காரர் இரண்டு மாடி எழுப்பினால் காட்சி போயிற்று. கடலுக்கு எதிரே அந்தப் பயம் இல்லை. தண்ணீரில் யார் மாடி கட்டப் போகிறார்கள்? அந்த ஒரு விஷயத்தில் கடல் கட்சிக்குத்தான் ஜயம்.

ஆனால் மலை தெரியும் வீட்டில் கேட்க வேண்டாத ஒரு கேள்வியைக் கடல் தெரியும் வீட்டில் கேட்டே ஆகவேண்டும். இருபது வருஷத்துக்கு முன் கடல் எங்கே இருந்தது?

கடற்கரை மணல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதாக நாம் நினைக்கிறோம். அது நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் நம் கிழக்குக் கரை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. ஐப்பசி, கார்த்திகைக் காற்று அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவருகிறது. வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மணலின் யாத்திரை வடக்கு நோக்கித்தான். பௌர்ணமி இரவில் கிரிவலம் வரும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். பாதையின் குறுக்கே ஒரு தடுப்பை வைத்தால் என்ன ஆகும்? இந்தப் பக்கம் நெரியும். அந்தப் பக்கம் தெரு வெறிச்சோடிப் போகும். மணலும் அப்படியே.

சென்னையில் 1876-ல் துறைமுக வேலை தொடங்கிக் கடலுக்குள் சுவர் நீட்டிய பிறகு, அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரீனா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. புதுச்சேரியில் 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புகள் கட்டினார்கள். நகரத்தின் மணற்கரை சில வருஷங்களில் மறைந்தது. ஊரைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். அரிப்பு கல் இல்லாத இடத்தைத் தேடி வடக்கே போயிற்று. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்து மீனவக் கிராமங்களில் கரை கரைந்தது. வீடுகளும் தென்னைகளும் அலைக்குப் போயின. தலைமைச் செயலகத்துக்கு எதிரே 2018-19-ல் கடலுக்கடியில் ஒரு தடுப்பு அமைத்த பிறகு நகரத்துக்குக் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அது நல்ல சமாசாரந்தான். ஆனால் நம் சகோதரியின் கணவர் பார்த்திருக்கும் வீடு நகரத்துக்கு வடக்கே அல்லவா இருக்கிறது?

தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் எல்லாம் அவசியம் பார்க்க வேண்டியவை. அவை நிலம் யாருடையது என்று சொல்லும். நிலம் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லமாட்டா. அதற்கு வேறு சாட்சிகள் உண்டு. கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய படங்களை வருஷ வாரியாகப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் காட்டுவார்கள். இன்னொரு நல்ல சாட்சி, பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் அம்மாள். "உங்கள் மாமியார் காலத்தில் கருவாடு காயப்போட்ட மணல் எங்கே?" என்று கேளுங்கள். அவர் கை காட்டுகிற இடத்தில் இன்று அலை அடித்தால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

அடுத்தது சட்டம். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்ற விதி 1991-ல் வந்தது. 2011-லும் 2019-லும் புதுப்பித்தார்கள். பொதுவாக, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் ஆட்சி. கிராமப்புறமானால், ஜன நெருக்கத்தைப் பொறுத்து முதல் 50 மீட்டரோ 200 மீட்டரோ புது வீடு கட்டக்கூடாத பகுதி. அங்கீகாரம் பெற்ற பழைய வீட்டை அதே அளவில் செப்பனிடலாம். ஆகவே 'வீடு எப்போது கட்டியது, யார் அநுமதித்தது?' என்பதற்குக் காகிதம் வேண்டும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதனாலேயே கட்டடம் முறையானது என்று ஆகிவிடாது. கேரளத்தில் கொச்சிக்கு அருகே மரடு என்ற இடத்தில், இந்த விதியை மீறிக் காயலோரம் கட்டிய நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள். வாங்கியிருந்தவர்கள் கையில் பத்திரம் இருக்கத்தான் இருந்தது.

வீட்டை நேரில் பார்க்கும்போது கண்ணைக் கடலை விட்டுச் சற்று எடுத்து, கூரையின் அடிப்பக்கம் பாருங்கள். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்து, காரையைப் பிளந்து தள்ளும். புதுச் சுண்ணாம்புக்குக் கீழே பட்டை பட்டையாக ஒட்டு வேலை தெரிந்தால் காரணம் கேளுங்கள். கிணற்று நீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சித்திரையில் இன்னொரு தடவை குடித்துப் பாருங்கள். விற்கிறவர் ஏன் விற்கிறார் என்பதையும் விசாரியுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மலையடிவாரம்தான் பத்திரம் என்று முடித்தால் அது நியாயமாகாது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மறுநாள் மாலை, கடலே தெரியாத திருவண்ணாமலையில், மலைச்சரிவிலுள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அவர்கள் காட்சிக்காக அங்கே குடியேறியவர்கள் அல்ல. ஏழைக்குக் கிடைத்த இடம் அது. நமக்கோ இடத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. அந்த வசதி உள்ளவர்கள் விசாரிக்காமல் போய் உட்கார்ந்துவிட்டு, பிறகு விதியை நோவதில் என்ன நியாயம்?

ஆகவே, சகோதரி, என் யோசனை இது. கணவரின் ஆசையை மறுக்க வேண்டாம். கடலோரத்தில் ஒரு வீட்டை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுங்கள். தை மாதத்துக் கடலை எல்லோரும்தான் ரஸிப்பார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் அங்கே இருந்து பாருங்கள். மின்சாரம் போன இரவில் அலைச் சத்தம் எவ்வளவு கிட்டத்தில் கேட்கிறது, மாத்திரைக்கு எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதன் பிறகும் ஆசை தீரவில்லையென்றால், சாலைக்கு மேற்கே, கரையிலிருந்து தள்ளி, சற்று மேடான இடத்தில் தேடுங்கள். கடல் தெரியாவிட்டாலும் காற்று வரும்.

அதுவரையில் திருவண்ணாமலை வீட்டை விற்க வேண்டாம். அது உங்கள் சம்பாத்தியம். உங்கள் பெயரில் இருப்பது. உங்கள் கையெழுத்து இல்லாமல் அதை யாரும் விற்க முடியாது. ஒரு கார்த்திகை முழுவதும் கடந்து போகிற வரையில் அந்தப் பேனா மூடியே இருக்கட்டும்.