கமரா பெரிதானால் கடல் தெளியுமா?

நண்பர்கள் சிலர் என்மீது இரக்கம் கொண்டிருக்கிறார்கள். கற்பிட்டிக் கடலில் பல பருவங்களாக நான் கொண்டு இறங்கும் சின்னஞ்சிறு கமராவுக்கும் அதன் பிளாஸ்ரிக் கூட்டுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, "கௌரவமான" ஒன்றை வாங்கும்படி ஆளுக்கு ஆள் அறிவுரை கூறுகின்றனர். மிரர்லெஸ் கமரா, அதற்கு அலுமினியக் கூடு, முன்னால் குமிழ்க் கண்ணாடி, இருபுறமும் நண்டுக்கால்போல் நீளும் தாங்கிகள், அவற்றின் நுனியில் இரண்டு பிளாஷ் விளக்குகள். கூட்டிப் பார்த்தேன். பழைய முச்சக்கர வண்டி ஒன்று வாங்கலாம்.

வாங்குவதாக இல்லை. காசு இல்லை என்பது ஒரு காரணம் (பத்திரிகைக்காரனிடம் எப்போது இருந்தது?). ஆனால் அது முதற் காரணமன்று.

அவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஐந்து மீற்றர் ஆழத்துக்குள்ளேயே நீர் சிவப்பு நிறத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. அதற்கப்பால் வெளிச்சத்தை நாமே கொண்டுசெல்லாவிட்டால் எல்லாம் நீலச் சாம்பல்தான். கமராவோடு ஒட்டிய சிறு பிளாஷைத் தட்டினால் நீரில் மிதக்கும் துகள்கள் அத்தனையும் பனித்துளிபோல் படத்தில் வந்து விழும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் அத்தொல்லை குறையும். எல்லாம் சரி. நகமளவு கடல் நத்தைகளை இனம் பிரித்து ஆராய்பவருக்கு நல்ல கமரா தேவைதான். நான் அப்படிப்பட்டவன் அல்லன். எனக்கு அறிவுரை கூறுவோரும் அல்லர்.

1963இல் நிக்கொனோஸ் கமரா சந்தைக்கு வந்தபோது ஒரு சுருளில் 36 படம். நீருக்கடியில் சுருளை மாற்ற வழியில்லை. ஆகவே சுழியோடி முதலில் பார்த்தான், பிறகு யோசித்தான், அதன் பின்னரே அழுத்தினான். இன்று ஒரு முழுக்கில் முந்நூறு படம். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கூடு ஒரே ஒரு மாதிரிக் கமராவுக்கென்றே வார்க்கப்படுவது. கமராவை மாற்றினால் கூட்டையும் மாற்ற வேண்டும். பழைய கூடு அலுமாரியில் காட்சிப்பொருள்.

என் ஆத்திரமெல்லாம் அந்தப் பாறையைப் பற்றியது. முத்துக் குளித்தவர்களின் தமிழில் கடலடித் திட்டுக்குப் "பார்" என்று பெயர். "பார் றீஃப்" என்று ஆங்கிலத்தில் சொல்லக் கேட்கும்போதெல்லாம் என் காதில் விழுவது அச்சொல்தான். கற்பிட்டிக்கு அப்பால் சுமார் 306 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பு 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல் சூடேறியபோது ஆழம் குறைந்த பகுதிகளில் இருந்த முருகைக்கல் பெரும்பாலும் வெளிறி மடிந்தது. பின்னர் மெல்லத் தளிர்த்தது. 2016இல் மீண்டும் வெளிறியது. இன்று அங்கே தளிர்விடும் கிளைகள் விரற்கடை தடிப்பானவை. ஒரு முழங்கால் பட்டால் போதும், முறிந்துவிடும்.

அந்த முழங்கால் யாருடையது? சென் லூசியாத் தீவில் செய்யப்பட்டு 2004இல் வெளியான ஆய்வொன்று, கமரா ஏந்திய சுழியோடிகள் நிமிடத்துக்குச் சராசரி 0.4 தடவை பாறையில் பட்டார்கள் என்றும் ஏந்தாதவர்கள் 0.1 தடவையே பட்டார்கள் என்றும் கணக்கிட்டது. நான்கு மடங்கு! எனக்கு இதில் வியப்பில்லை. சென்ற பருவத்தில், மிதப்பைக் கட்டுப்படுத்தவே இன்னும் பழகாத இளைஞர் ஒருவர், இரு கைகளாலும் அந்த நண்டுக்கால் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, இளங்கிளைகளின் மேல் மண்டியிட்டுப் படமெடுத்ததை நான் கண்டேன். படம் அழகாகத்தான் வந்திருக்கும். படத்தில் அவருடைய முழங்கால் இருக்காதல்லவா?

பிளாஷ் வெளிச்சமே மீன்களைக் கொன்றுவிடும் என்று முழங்குவோரின் கட்சியிலும் நான் இல்லை. கடற்குதிரைகள் போன்ற மீன்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, மனிதன் அருகே நிற்பதைவிடப் பெரிய பாதிப்பைப் பிளாஷ் செய்வதாகக் காணவில்லை. கையால் தொட்டு நகர்த்துவதே மிக மோசம் என்றது. ஆக, குற்றம் விளக்கின்மேல் இல்லை. நல்ல "கோணம்" வேண்டுமென்று நீளும் கையின்மேல்தான்.

நான் என்ன செய்கிறேன்? ஒவ்வொரு பருவத்திலும் அதே கல்லை, அதே தூரத்திலிருந்து, அதே கமராவால் எடுக்கிறேன். திகதியும் ஆழமும் குறிப்புப் புத்தகத்தில் ஏறும். நாரா நிறுவன ஆய்வாளர்கள் கடலடியில் அளவு நாடா விரித்து எண்ணிய எண்ணிக்கைகளால்தான் 1998இன் இழப்பு எத்தகையது என்று நமக்குத் தெரியவந்தது, அழகுப் படங்களால் அன்று.

ஆலங்குடாக் கரையில், முன்னர் கடலட்டைக்குச் சுழியோடிய, இப்போது படகோட்டும் பெரியவர் ஒருவரிடம் என் மங்கல் படமொன்றைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது தம்பி?"

"ரெண்டு வருஷம் இருக்கும் நானா."

"அதான் பார்த்தேன். இந்தக் கல்லுக்கு இப்ப ஒரு பக்கமே இல்ல. கச்சானுக்கு முந்தி எவனோ நங்கூரத்தப் போட்டு இழுத்திருக்கான்."

அந்தப் பருவம் எடுத்த படத்தையும் தேடிக் காட்டினேன். சொன்னது சரி. இரண்டையும் தமது கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னார். மற்றப் படகுக்காரருக்குக் காட்டி, இனி மணலில் மட்டும் நங்கூரம் போடச் சொல்வதற்காம். என் படங்களில் எதற்கும் இதுவரை இப்படியொரு கேள்வி இருந்ததில்லை.

சுழியோட அழைத்துச் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். நீரில் அசையாமல் நிற்கக் கற்காதவர் கையில் கமராவைக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், தெரியும். சுளிக்கட்டும். நண்பர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: இந்த நவம்பரில் கடல் அடங்கியதும் ஒரு பயிற்சியாளரிடம் மிதப்புப் பாடத்தை மறுபடி படிக்கப் போகிறேன். கூட்டுக்கும் ஒரு புது றப்பர் வளையம் வாங்கியிருக்கிறேன்.