பந்தி முடிந்தபின் வரும் பறவை

மரம் தளிர்க்கவும், புழு பிறக்கவும், பறவை குஞ்சு பொரிக்கவும் படைப்பில் உரிய காலம் இருக்கிறது. இவை ஒன்றோடொன்று இசைந்திருப்பதால்தான் காடு வாழ்கிறது. இன்று அந்த இசைவு குலைந்து வருவதை நாம் காண்கிறோம்.

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மலரும் நாள்களைப் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டு முதலே உள்ளன. 2021ஆம் ஆண்டு மார்ச் 26 அன்றே அவை முழுமையாக மலர்ந்தன. அதற்கு முந்தைய 1200 ஆண்டுகளில் இவ்வளவு முன்னதாக மலர்ந்ததாகப் பதிவு இல்லை.

பூ முந்திப் பூத்தால் என்ன குறை என்று நாம் கேட்கலாம். இதற்கு நெதர்லாந்துக் காடுகள் விடை தருகின்றன. ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ள ஈப்பிடிப்பான் பறவை ஒன்று, குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, வசந்தத்தில் அங்கு வந்து கூடு கட்டுகிறது. ஓக் மரத் தளிர்களைத் தின்னும் புழுக்களே அதன் குஞ்சுகளுக்கு முக்கிய உணவு. அவை மிகுதியாகக் கிடைப்பது சில வாரங்களே. வெப்பம் கூடியதால் தளிரும் புழுவும் முந்திவிட்டன. பறவையோ பகல்பொழுதின் நீளத்தைக் கொண்டே பயணம் புறப்படுகிறது. ஐரோப்பாவில் வெயில் ஏறியதை ஆப்பிரிக்காவில் இருந்துகொண்டு அது எப்படி அறியும்? வந்தவுடன் விரைந்து முட்டையிட்டும் பந்தி முடிந்துவிடுகிறது.

இதன் விளைவை 2006ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. புழுக்கள் மிகவும் முந்தும் காடுகளில், இருபது ஆண்டுகளில், இப்பறவைகள் ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்துவிட்டன. புழுக்கள் பிந்தி வரும் காடுகளில் இழப்பு குறைவே. ஆகவே, காலம் தவறியதே இழப்புக்கு முக்கியக் காரணம் என்பது தெளிவு.

தன் காலத்தை அறிந்து நடக்கும் பறவைகளைச் சுட்டிக்காட்டியே இறைவாக்கினர் எரேமியா அன்று மக்களைக் கடிந்துகொண்டார். இன்றும் பறவை மாறவில்லை. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்துக் காலத்தை மாற்றியவர்கள் மனிதர்களே. மாற்றியவர் ஒருவர், பட்டினி கிடப்பது வேறொருவர் என்பது அநீதி அன்றோ? தட்பவெப்ப மாற்றத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் உயிரினங்கள் இடம்பெயர்வதும், அது ஏழைகளின் பிழைப்பைப் பாதிப்பதும் ஒரே துயரத்தின் தொடர்ச்சி என்பதை, 'இறைவா உமக்கே புகழ்' என்ற 2015ஆம் ஆண்டின் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் நினைவூட்டினார்.

நம் இல்லங்களிலும் பங்குகளிலும் எரிபொருளை, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம். அதோடு நின்றுவிடாமல், வாக்கு கேட்டு வருவோரிடம் இதைப் பற்றியும் கேட்போம். பறவையால் தன் நாள்காட்டியை விரைவில் திருத்திக்கொள்ள முடியாது. நம் வாழ்க்கை முறையை நம்மால் திருத்திக்கொள்ள முடியும்.